முகம் கொடுத்தவர்கள்

சனிக்கிழமைகளில் விடிய ஆறு மணிக்குப் பேத்தியின் பையைக் காவிக்கொண்டு அரீனாவுக்குப் போவது இப்போது என் வேலை. பெரிய பை. அவளே அதற்குள் சுருண்டு படுக்கலாம். இரண்டு கால் பாட், நெஞ்சுக் கவசம், தொண்டைக் காப்பு, பக் பிடிக்க ஒரு கையுறை, பக் தடுக்க ஒரு கையுறை. முகமூடி மட்டும் இதற்குள் வராது. மெத்துத் துணி வைத்துத் தைத்த சிறு பையில் அதை அவளே தூக்கிக்கொள்வாள், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள். முகமூடியின் ஒரு பக்கத்தில் மயில் வரைந்திருக்கிறது. மறுபக்கத்தில் அவளுடைய அப்பம்மா எழுதிக் கொடுத்த எழுத்தில், தமிழில், அவள் பெயர்.

ஐஸ் ஹொக்கியில் அவள் கோலி. கோல் காப்பவரை மொன்றியலில் வளரும் எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆறு அடி அகலமும் நான்கு அடி உயரமும் உள்ள ஒரு வலைக்கு முன்னால் நிற்பாள். அதை நோக்கி வருவது ஓர் அங்குலத் தடிப்பும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட ரப்பர் வில்லை; பக் என்பது அதுதான். ஐஸில் துள்ளாமல் வழுக்கவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் போட்டு இறுக வைப்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் அது மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்திலும் வரும். நகரசபை அரீனாக்களில் 24 வருடம் வேலை செய்தவன் நான். சுற்றுப் பலகைகளில் அந்த வில்லை பதித்த கறுப்புத் தழும்புகளைத் துடைத்துத் துடைத்து அதன் கனத்தை நன்றாக அறிந்தவன்.

அந்த வில்லைக்கு முன்னால் 40 வருடத்துக்கும் மேலாக மனிதர்கள் வெறும் முகத்தோடு நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கஷ்டத்தை எதிர்கொள்வதை முகம் கொடுப்பது என்போம். சொல்லை அப்படியே உடம்பால் செய்தவர்கள் அவர்கள்.

1986 தை மாதம் மனைவியோடு மொன்றியலில் வந்திறங்கினேன். முதல் வேலை ஓர் உணவகத்தின் பின்புறத்தில் கோப்பை கழுவுவது. அங்கே சமையல் செய்தவர் வயதான கியூபெக்காரர். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் அவர் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது. யாரோ சொந்தக்காரர் செத்துப்போனார் என்று நினைத்தேன். ஊரில் செத்தவீடு என்றால் கையைப் பிடிப்போம். ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அழுதுகொண்டே மேலே கொழுவியிருந்த வடிதட்டை எடுத்தார், தன் முகத்துக்கு முன்னால் பிடித்தார். ஓட்டைகளுக்குள்ளால் அவர் கண்கள் தெரிந்தன. "பிளாந்த்" என்றார். "ஜாக் பிளாந்த்."

சுவிற்சர்லாந்தில், 1986 பெப்ரவரி 27 அன்று, 57 வயதில் பிளாந்த் இறந்திருந்தார். அந்த வடிதட்டின் அர்த்தம் எனக்கு விளங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. விளங்கிய பிறகு இந்த விளையாட்டு என்னை விடவில்லை.

பிளாந்த் 1929-ல் பிறந்தவர், ஷாவினிகன் பக்கம். 11 பிள்ளைகளில் மூத்தவர். தகப்பன் தொழிற்சாலைக் கூலி. மூத்த பிள்ளை என்பதால் சமையல், தையல், பின்னல் எல்லாம் அவர் கையிலும் விழுந்தன. தாயிடம் பழகிய பின்னலை அவர் கடைசிவரை விடவில்லை; உலகத்தின் மிகச் சிறந்த கோலியாக இருந்த காலத்திலும் தன் தொப்பியைத் தானே பின்னிப் போட்டார். முதல் மட்டையை ஒரு மரவேரில் தகப்பன் செதுக்கிக் கொடுத்தாராம். முதல் கால் பாட் உருளைக்கிழங்குச் சாக்கு. சிறு வயதிலிருந்தே ஈளை நோய். ஓடிச் சறுக்க மூச்சுப் போதாததால்தான் கோலுக்குள் போய் நின்றார். எங்கள் ஊரிலும் பந்துக்கு ஓட முடியாத பெடியனைத்தான் கோலுக்குள் விடுவோம். நானும் அப்படி விடப்பட்டவன்தான், எங்கள் ஊர்க் கோயில் வீதி வெளியில், வெறுங்கையோடு. அந்தச் சமையல்காரக் கிழவர் இதைச் சொன்னபோது பிளாந்தை எனக்கு முன்பே தெரியும் போல இருந்தது.

1959 நவம்பர் 1, நியூயோர்க், மடிசன் ஸ்குவேர் கார்டன். முதல் பகுதி தொடங்கிச் சில நிமிடங்களில் எதிரணியின் அன்டி பாத்கேற் அடித்த பக் பிளாந்தின் முகத்தில் பட்டது. மூக்கோரம் கிழிந்து, ஐஸில் இரத்தம். உள்ளே கொண்டுபோய் ஏழு தையல் போட்டார்கள். அந்தக் காலத்தில் அணிக்கு ஒரே ஒரு கோலிதான். அவர் எழும்ப முடியாவிட்டால், மைதானத்துக்காரர் ஒழுங்கு செய்து வைத்திருக்கும் ஏதோ ஒரு பொழுதுபோக்கு ஆட்டக்காரரை இறக்கவேண்டும். எனவே ஆயிரக்கணக்கான சனங்களும் இரண்டு அணிகளும் ஒரு மனிதரின் தையல் முடியும் மட்டும் காத்திருந்தன.

அவரிடம் முகமூடி இருந்தது. கண்ணாடிநார் நிறுவனமொன்றில் வேலை செய்த பில் பேர்ச்மோர் என்பவர் பிளாந்தின் முகத்தில் அச்செடுத்துச் செய்து கொடுத்தது. பயிற்சியில் அதைப் போடப் பயிற்றுநர் டோ பிளேக் விட்டார், ஆட்டத்தில் விடவில்லை. பார்வையை மறைக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் அந்தக் காலத்தவர்களின் மனதில் இன்னொரு காரணமும் இருந்தது. முகமூடி போடுகிறவன் பயந்தவன். பயந்தவனுக்குக் கோலுக்குள் என்ன வேலை? அன்று பிளாந்த் ஒரே வரியில் நின்றார்: முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன். பிளேக்குக்கு வேறு ஆள் இல்லை. வெளிறிய நிறத்தில், கண்ணுக்கு இரண்டும் வாய்க்கு ஒன்றுமாய் ஓட்டை வைத்த ஒரு முகம் அன்றிரவு ஐஸுக்கு வந்தது. பிளாந்தின் மொன்றியல் அணி 3-1 என்று வென்றது.

காயம் ஆறியதும் கழற்றவேண்டும் என்பது பிளேக்கின் எண்ணம். பிளாந்த் கழற்றவில்லை. அணியும் 18 ஆட்டங்கள் தோற்கவில்லை. 1960 மார்ச் 8 அன்று, பயிற்றுநரின் சொல்லுக்காக ஒரே ஒருநாள் வெறும் முகத்தோடு டெற்றொயிற்றுக்கு எதிராக நின்றார், 3-0 தோல்வி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை. அந்த வசந்தத்தில் மொன்றியல் தொடர்ச்சியாக ஐந்தாவது தடவை ஸ்ரான்லி கிண்ணத்தை, அந்த ஆட்டத்தின் ஆகப் பெரிய பரிசை, எடுத்தது. ஐந்து கிண்ணத்துக்கும் கோலி பிளாந்த்தான்.

இதில் என்னைத் தொடுவது அவர் வென்றது அல்ல. எனக்குப் பயம் இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும், அந்த நாளில், அந்தத் தொழிலில் ஒத்துக்கொண்டாரே, அதுதான். 1970-ல், 41 வயதில், சென் லூயிஸ் அணிக்காக ஸ்ரான்லி கிண்ண இறுதிச் சுற்றில் நின்றபோது திசை திரும்பி வந்த ஒரு பக் அவருடைய முகமூடியை உடைத்தது. மயங்கி விழுந்தார். முகமூடி இல்லாவிட்டால் உயிர் போயிருக்கும் என்று பிறகு அவரே சொன்னார்.

என் வீடு பார்க் எக்ஸ்ரென்ஷனில். அங்குள்ள அரீனாவுக்கு ஹோவி மொரென்ஸ் என்று பெயர். 1920-களிலும் 30-களிலும் மொன்றியல் கொண்டாடிய ஆட்டக்காரர் அவர். அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது கிளின்ற் பெனடிக்ற். 1930-ல் மொரென்ஸ் அடித்த பக் ஒன்றுதான் இந்தக் கோலியின் மூக்கை நொறுக்கியது. ஆறவிட்டுத் திரும்பி வந்தபோது பெனடிக்ற் தோலால் செய்த ஒரு முகமூடியோடு வந்தார். பிளாந்துக்கு 29 வருடம் முன்பு! மூக்குப் பகுதி பார்வையை மறைக்கிறது என்று சில ஆட்டங்களிலேயே அதைக் கைவிட்டார். அந்த வருடத்தோடு, என்.எச்.எல். என்ற வட அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் அவர் ஆட்டமும் முடிந்தது. நல்ல ஒரு தச்சனோ செருப்புத் தைப்பவரோ அந்த மூக்குப் பகுதியைக் கொஞ்சம் வெட்டித் திருத்திக் கொடுத்திருந்தால் எத்தனை முகங்கள் தப்பியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

இதே பெனடிக்ற் இன்னொன்றும் செய்தவர். 1917-ல் என்.எச்.எல். தொடங்கியபோது கோலி விழக்கூடாது என்று சட்டம். நின்றபடிதான் தடுக்கவேண்டும், விழுந்து தடுத்தால் தண்டனை. பெனடிக்ற் சறுக்கியது போல விழுவார், முழங்காலில் கிடந்தபடி பக்கைத் தடுப்பார். செபம் செய்கிறார் என்று சனங்கள் பகிடி பண்ணினார்கள். 1918 ஜனவரியில் சட்டத்தையே மாற்றவேண்டி வந்தது.

இன்றைக்கு என் பேத்தியின் பயிற்சியைப் பார்த்தால் பாதி நேரம் முழங்காலில்தான் நிற்கிறாள். முழங்கால் இரண்டும் உள்ளே மடங்கி, கால் பாட் இரண்டும் பக்கவாட்டில் விரிய, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தது போல ஐஸில் விழுவாள், எழும்புவாள், விழுவாள். அந்தப் பாணியின் பெயரும் வண்ணத்துப்பூச்சிதான். கிளென் ஹோல் என்பவர் 1950-களிலேயே அதைத் தொடங்கினார். அதை ஒரு பாடமாகவே ஆக்கி உலகம் முழுக்கப் பரப்பியது மொன்றியல் அணியின் பாத்ரிக் ருவாவும் அவருடைய பயிற்றுநர் பிரான்சுவா அலெயரும். ஒருகாலத்தில் தண்டனை கிடைத்த செயல் இப்போது சிறு பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கும் பாடம்.

அதற்கும் விலை உண்டு. இடுப்பு மூட்டும் முழங்காலும் அந்த மடிப்புக்காகப் படைக்கப்பட்டவை அல்ல. அந்தக் காலத்துக் கோலிகளுக்கு முகத்தில் தழும்பு. இந்தக் காலத்துக் கோலிகளுக்கு அது மூட்டுக்குள் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. பேத்தி எழும்பும்போது இடுப்பைப் பிடிக்கிறாளா என்று நான் கவனித்துக்கொண்டே இருப்பேன்.

தழும்பு என்றால் டெரி சோசக். வினிபெக்கில் உக்ரேனியக் குடியேறிகளின் வீட்டில் பிறந்தவர். சிறு வயதில் முறிந்த வலக்கை சரியாகப் பொருந்தாமல் குட்டையாகவே நின்றுவிட்டது. அந்தக் கையோடு 103 ஆட்டங்களில் ஒரு கோலும் விடாமல் காத்தார். அந்தக் கணக்கைத் தாண்ட 2009 மட்டும் செல்ல வேண்டியிருந்தது. தாண்டியவர் மார்ட்டின் புரோடர். 1966-ல் லைஃப் சஞ்சிகை சோசக்கின் படம் ஒன்றைப் போட்டது. ஒப்பனைக்காரர் ஒருவரைக் கொண்டு, அதுவரை அவர் முகத்தில் பட்ட காயங்களை எல்லாம் ஒரே நேரத்தில் தையலோடு வரைந்து எடுத்த படம். நெற்றி, கன்னம், இமை, உதடு என்று இடமில்லாமல் தையல். நூலகத்தில் அந்தப் படத்தை முதன்முதல் பார்த்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றேன். எங்கள் நாட்டிலிருந்து வந்த எத்தனையோ பேரின் காயங்களையும் இப்படி ஒரே நேரத்தில் வரைந்தால் முகம் என்று ஒன்று மிஞ்சுமா என்று பட்டது.

ஆனால் ஒப்பனைக்காரரால் வரைய முடியாத காயம் சோசக்குக்கு உள்ளே இருந்தது. மனம் இருண்டு போகும் நாட்கள், குடி, யாரோடும் ஒட்டாத தனிமை. 1970-ல், சக ஆட்டக்காரர் ஒருவருடன் நடந்த கைகலப்பில் பட்ட உட்காயத்தால் இறந்தபோது வயது 40. அவருக்கு என்ன செய்கிறது என்று கேட்கும் வழக்கம் அந்தத் தொழிலில் இருக்கவில்லை.

கிளென் ஹோல் 1955 தொடக்கம் 1962 வரை தொடர்ச்சியாக 502 ஆட்டங்களில் ஒரு நாளும் தவறாமல் நின்றவர், அத்தனையும் முகமூடி இல்லாமல். இனி எவராலும் தொட முடியாத கணக்கு இது, நிச்சயமாகச் சொல்வேன். இன்று ஒரு கோலியை அடுத்தடுத்த நாள் இறக்குவதற்கே யோசிக்கிறார்கள். அந்த ஹோல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் வாந்தி எடுப்பார். அத்தனை ஆட்டத்துக்கும். வாளி பக்கத்தில் இருக்கும், வாயைத் துடைத்துவிட்டு ஐஸுக்குப் போவார்.

மொன்றியலின் பில் டர்னன் ஏழு பருவங்களில் ஆறு தடவை வெசினா விருதை எடுத்தவர்; அந்தக் காலத்தில் அது மிகக் குறைந்த கோல் விட்ட அணியின் கோலிக்கான விருது. 1950-ல், கிண்ணப் போட்டிகளின் நடுவிலேயே, நரம்பு தாங்காது என்று சொல்லி இறங்கிவிட்டார். திரும்பி வரவேயில்லை. வயது 34. அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர் அந்தக் கடைசி வாரத்தை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அந்த வாரம்தான் அவருடைய முழு வாழ்க்கையையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

இதையெல்லாம் நான் காலம் பிந்தித்தான் படித்தேன். முன்பே படித்திருந்தால் என் மகனுக்கு ஒரு சொல்லைச் சொல்லியிருக்க மாட்டேன்.

மகன் பிறந்தது நாங்கள் வந்த அதே வருடம், கார்த்திகையில். அதற்கு முன், அந்த வைகாசியில், 20 வயதுப் பாத்ரிக் ருவா மொன்றியலுக்குக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்திருந்தார். சனங்கள் சென் கத்தரின் தெருவுக்கு இறங்கினார்கள். கொண்டாட்டம் முற்றிக் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்த நான் கண்ணாடி நொறுங்கும் சத்தத்தைக் கேட்டதும் சுவரோடு ஒட்டி நின்றேன். 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பில் கேட்ட அதே சத்தம். ஒரு பெடியன் ஓடிவந்து என் தோளைப் பிடித்து, ருவா, ருவா என்று சிரித்துக் கத்திவிட்டு ஓடினான். அவன் சிரிப்பதைக் கண்டபிறகும் கால் நடுக்கம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ருவாவை மகன் கடவுள் போலப் பார்த்து வளர்ந்தான். ருவா கோல் கம்பங்களோடு கதைப்பார். மகன் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒழுங்கையில் இரண்டு குப்பை வாளியோடு கதைப்பான். எட்டு வயதில், பழைய சாமான் விற்பனையில் வாங்கிய கால் பாட்டோடு ஒரு சிறுவர் அணியில் சேர்ந்தான். தோலுக்குள் மான் மயிர் திணித்த அந்தக் காலத்துப் பாட். ஐஸ் ஈரத்தை உறிஞ்சி ஆட்டம் முடிய இரண்டு மடங்கு கனக்கும். இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் ஏழு கோல் விட்டான். எதிரணிப் பெற்றோர்கள் கத்தினார்கள். ஒன்றிரண்டு சொற்கள் எங்கள் நிறத்தைப் பற்றியும் வந்தன. காருக்குள் ஏறியதும் மகன் விம்மி அழுதான். "அப்பா, எனக்குப் பயமாக் கிடக்கு. பக் வரேக்கை கண் தானா மூடுது" என்றான்.

"அழாதை. பயத்தை முகத்திலை காட்டாதை. காட்டினால் இன்னும் அடிப்பாங்கள்" என்றேன்.

என் தகப்பன் எனக்குச் சொன்னது அது. சோதனைச் சாவடிகளில் எங்களைக் காப்பாற்றியதும் அதுதான். எனக்குத் தெரிந்த ஒரே கவசத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

அதே குளிர்காலம், 1995 டிசம்பர் 2. டெற்றொயிற்றுக்கு எதிராக ருவா ஒன்பது கோல் விடும் மட்டும் பயிற்றுநர் அவரை வெளியே எடுக்கவில்லை. எளிதான ஒரு பக்கைப் பிடித்ததற்குச் சனங்கள் கேலியாகக் கைதட்ட, ருவா இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். கடைசியில் வெளியே எடுத்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த கழகத் தலைவரிடம் குனிந்து, மொன்றியலுக்கு இதுதான் என் கடைசி ஆட்டம் என்றார். 11-1 தோல்வி. நான்கு நாளில் கொலராடோவுக்கு மாற்றப்பட்டார். மகன் ரீவிக்கு முன்னால் அசையாமல் இருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் சொன்னதைப் படித்துக்கொண்டுவிட்டான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அடுத்த வருடம் பாட்டைத் தொடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

அவனுக்கு முப்பது கடந்த பிறகுதான், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கோபமில்லாமல் சொன்னான்: "எனக்கு விளையாட்டு வெறுக்கேல்லை அப்பா. பயத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை."

1965-66 பருவத்திலிருந்து ஒவ்வோர் அணியும் இரண்டாவது கோலியை உடுத்தித் தயாராக வைத்திருக்கவேண்டும் என்று விதி வந்தது. முகமூடிக்கு அடுத்தபடி அந்தத் தொழிலுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் இதுதான். விழுந்தால் தாங்க ஒருவர் இருக்கிறார். அந்த இருவரும் விழுந்தால்? 2020 பெப்ரவரி 22, ரொறன்ரோ. கரோலினா அணியின் இரண்டு கோலிகளும் ஒரே ஆட்டத்தில் காயப்பட, அவசரத்துக்கு வைத்திருந்த டேவிட் அயர்ஸ் இறங்கினார். வயது 42. தாயின் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர். ஐஸைச் சீராக்கும் ஸம்போனி வண்டி ஓட்டியவர். முதல் இரண்டு பக்கும் உள்ளே போயின. பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6-3 என்று வென்றது. அந்த இரவு நான் எழும்பி நின்று அழுதேன். 24 வருடத்தில் ஸம்போனியில் இருந்து எத்தனை ஆயிரம் தரம் அந்தக் கோல் வாசலைச் சுற்றியிருப்பேன். அந்த நீல அரைவட்டத்துக்குள் எங்களில் ஒருவரும் நின்றுவிட்டார்.

கென் டிரைடனை ஒரு சொல் சொல்லாமல் போக முடியாது. 1971-ல் மொன்றியலுக்காக ஆறே ஆட்டங்கள் ஆடியிருந்த நிலையில் கிண்ணச் சுற்றுக்கு இறக்கப்பட்டு அதை வென்றார். ஒரு பருவம் முழுக்க ஆட்டத்தை விட்டு ரொறன்ரோவில் சட்டப் பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்து, மொத்தம் ஆறு கிண்ணத்தோடு 1979-ல், 31 வயதில், நிறுத்தினார். பிறகு எழுத்தாளர், நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர். ஆட்டம் மறு பக்கத்தில் நடக்கும்போது மட்டையை ஊன்றி அதன்மேல் கையை வைத்து நாடியைச் சாய்த்து நிற்பார், வயல் வரம்பில் மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவர் போல. ஒரு கோலி தன் மனதுக்குள் நடப்பதை முழு நூலாக எழுத முடியும் என்று காட்டியவர் அவர்.

அதற்குள் முகமூடியும் மாறிவிட்டது. பொஸ்ரன் அணியின் ஜெரி சீவர்ஸ், பக் பட்ட ஒவ்வோர் இடத்திலும் தையல் போட்டது போலத் தன் வெள்ளை முகமூடியில் கறுப்புக் கோடு கீறச் செய்தார். முகத்தில் விழவேண்டியவை இவை என்று. 1974 ஏப்ரலில் பிற்ஸ்பேர்க்கின் அன்டி பிரவுன் ஆடியதே என்.எச்.எல்.-இல் வெறும் முகத்தோடு ஒரு கோலி நின்ற கடைசி ஆட்டம். இன்று ஒவ்வொரு முகமூடியும் ஓர் ஓவியம். பிறந்த ஊர், செத்துப்போன நண்பர், பிள்ளையின் பெயர் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தமிழில் முகமூடி என்றால் உள்ளே இருப்பதை மறைப்பது. இவர்களோ முகம் திறந்திருந்த காலத்தில் எல்லாவற்றையும் மறைத்தார்கள், முகத்தை மூடிய பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

2018-ல் சுவீடன்காரரான ரொபின் லேனர் தன் குடிப் பழக்கத்தையும் மனநோயையும் பற்றித் தன் பெயரில், முழுதாக எழுதினார். அடுத்த வருடம் விடாமுயற்சிக்கான மாஸ்ரர்ற்றன் விருது அவருக்கு. மொன்றியலின் கெரி பிரைஸ், எட்டு வருடத்துக்கு 84 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்தவர், 2021 ஒக்ரோபரில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உதவி கேட்டுப் போனார். சிறு வயதில் பயிற்சிக்காகத் தகப்பன் சிறு விமானத்தில் 300 கிலோமீற்றருக்கு மேல் ஏற்றிக்கொண்டு போன பிள்ளை அவர். தாய் உல்காச்சோ முதற்குடிகளின் தலைவராக இருந்தவர். திரும்பி வந்தபோது நகரம் எழுந்து நின்று வரவேற்றது. முழங்கால் விடவில்லை, 2022 ஏப்ரல் 29-க்குப் பிறகு அவர் ஆடவில்லை. டர்னன் 1950-ல் இறங்கிப் போனபோது யார் எழுந்து நின்றார்கள்?

பெண் பிள்ளைகளுக்கு இந்த வாசல் திறந்ததும் ஒரு கோலியால்தான். கியூபெக்கின் மனோன் ரேயோம் 1992 செப்ரெம்பர் 23 அன்று, 20 வயதில், டம்பா பே அணிக்காகப் பருவத்துக்கு முந்திய ஓர் ஆட்டத்தில் நின்றார். ஒன்பது பக் வந்தன, இரண்டு உள்ளே போயின. பெண்களுக்கான தொழில்முறைக் கழகங்களின் புதிய தொடர் 2024-ல் தொடங்கியது. அந்த ஏப்ரலில் மொன்றியலின் பெல் சென்ரர் அரங்கில் 21,105 பேருக்கு நடுவில் நானும் பேத்தியும் இருந்தோம். அவள் ஆட்டம் முழுக்க மொன்றியல் கோலி ஆன்-ரெனே டெபியனை மட்டுமே பார்த்தாள். பக் மறு பக்கத்தில் இருக்கும்போதும்.

போன சனிக்கிழமை அவளுக்கு அரையிறுதி. உடுப்பு மாற்றும் அறைக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பப்பா, எனக்குச் சரியான பயமா இருக்கு."

என் நாக்கு நுனியில் பழைய சொல் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"எங்கை பயமா இருக்கு?" என்று கேட்டேன்.

வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். பிறகு ஓடிப்போய்க் கழிவறையில் வாந்தி எடுத்தாள். நான் வெளியே தண்ணீர்ப் போத்தலோடு நின்றேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்தவளிடம், "கிளென் ஹோலும் இப்பிடித்தான். 502 ஆட்டம். ஒவ்வொரு நாளும் சத்தி" என்றேன்.

"ஆர் அது?"

"பெரிய கோலி. பிறகு சொல்லுறன்."

"ஒவ்வொரு நாளுமா?" அவள் கண் அகன்றது. "அப்ப எனக்கு ஒண்டுமில்லையா?"

"பயம் இருக்குத்தானே. அது இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். சிறு பையைத் திறந்து முகமூடியை எடுத்து என்னிடம் நீட்டினாள். முதல் தடவையாக என் கையில் தந்தாள். பின்னால் வாரைக் கொழுவிவிடச் சொன்னாள். என் விரல்கள் குளிரில் விறைத்துப்போயிருந்தன; கொழுக்கி மாட்ட நேரம் எடுத்தது. அவள் அசையாமல் குனிந்து நின்றாள்.

மாடிப் படியில் மகன் கோப்பிக் கோப்பையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேத்தி ஐஸில் இறங்கி வலைக்குப் போய், மட்டையால் இடக் கம்பத்தை ஒருமுறை, வலக் கம்பத்தை ஒருமுறை தட்டினாள். இரண்டுக்கும் ஏதோ சொன்னாள். கம்பிக்குப் பின்னால் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.